கனம் பார்த்து வாங்கிய பெட்டி

உங்கள் மேசைக்கு அடியில் இருக்கிற கம்ப்யூட்டரின் விசிறி கரகரக்கிறது சார். வந்து உட்கார்ந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். விசிறி மேல் தப்பில்லை. உள்ளே பவர் சப்ளை சூடாகிறது, அதைத் தணிக்க விசிறி நாய்படாத பாடு படுகிறது. நான் சொல்லச் சொல்ல அந்த அம்மா தட்டச்சு செய்துகொண்டே வருகிறார் அல்லவா, அவ்வப்போது சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நடுவில் அணைந்துபோனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டிவரும். எனக்குச் சிரமமில்லை, அவருக்குத்தான் விரல் வலிக்கும்.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதைச் சொல்வதற்கு முன் பவர் சப்ளை என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து விற்றே காலம் தள்ளியவன் வேறு எங்கிருந்து தொடங்குவான்.

சுவரிலிருந்து வரும் மின்சாரம் அப்படியே கம்ப்யூட்டருக்கு ஒத்துக்கொள்ளாது. அதை மாற்றிக் கொடுக்கிற தகரப் பெட்டிதான் பவர் சப்ளை. மாற்றும்போது கொஞ்சம் வீணாகும், வீணானது சூடாக வெளியே போகும். நூறு பங்கை உறிஞ்சி எண்பதைக் கொடுத்தால் இருபது பங்கு சூடு. எவ்வளவு வீணாக்குகிறது என்று சோதித்துப் பார்த்துத்தான் பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். ப்ரான்ஸ் அதாவது வெண்கலம், சில்வர், கோல்டு என்று மேலே போகப் போக வீணாவது குறையும். அந்த ஸ்டிக்கருக்கு அவ்வளவுதான் அர்த்தம். பெட்டி பத்திரமானதா, நீடித்து உழைக்குமா என்றெல்லாம் அது சொல்லாது. ஆனால் கோல்டு என்று பார்த்ததும் ஜனங்கள் வாயைப் பிளந்துவிடுவார்கள். அவர்களிடம் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை வறண்டுபோயிருக்கிறது.

வாங்க வருகிறவர்களிடம் நான் சொல்வது சுலபமானது. உங்கள் மெஷின் முழு வேகத்தில் எவ்வளவு இழுக்கும் என்று முதலில் பாருங்கள். அதற்கு மேல் தாராளமாக இடம் விட்டு வாங்குங்கள். பாதிச் சுமையில்தான் எந்தப் பெட்டியும் நிம்மதியாக ஓடும். கடைசியாக, ஸ்டிக்கரை விடுங்கள், கையில் தூக்கிப் பாருங்கள். நல்ல சரக்கு கனக்கும், உள்ளே செம்பும் அலுமினியமும் நிறைந்திருக்கும். மட்டமான சரக்கு காலி பிஸ்கட் டப்பா மாதிரி இருக்கும். சில களவாணிகள் கனம் காட்டுவதற்காக உள்ளே இரும்புத் துண்டை ஒட்டி அனுப்புவதும் உண்டு. அப்படி ஒரு பெட்டியை நான் எந்த வாடிக்கையாளர் தலையிலும் கட்டியதில்லை. எங்கள் தெருவில் யாரை வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

இப்போது வீட்டைப் பற்றிச் சொல்கிறேன். கீழே கடை. கடையின் பின்கோடியில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய படிக்கட்டு. மேலே இரண்டு அறை, ஒரு சமையலறை. தெருவைப் பார்த்த அறை தங்கச்சியுடையது. கட்டின புண்ணியவான் மாடிக்குத் தனி வழி வைக்கவில்லை. மேலேயிருந்து தெருவுக்குப் போவதென்றால் கடைக்குள் இறங்கி என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். சாமான் வாங்க நான் வெளியே போனால் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுப் போவேன். கடைக்காரன் எவனும் செய்வதுதான். அந்த நேரத்தில் அவள் மேலே இருப்பாள். பூட்டுக்கு இன்னொரு சாவி இருந்தது, அது தொலைந்துபோனது. வேறு ஒன்று செய்துதருவதாகச் சொன்னேன், தள்ளிப்போய்விட்டது.

அப்பாவும் அம்மாவும் ஒரே பஸ்ஸில் போய் ஒரே விபத்தில் போனபோது அவளுக்கு எட்டு வயது, எனக்கு மீசை முளைத்திருந்தது, அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள். "பொம்பளப் புள்ளைய நீ எப்படிடா ஒண்டியா வளப்ப?" என்று பெரியப்பா கேட்டார். கேட்டதோடு சரி, ஊருக்குப் போய்விட்டார். நான் அவளுக்குத் தலை வாரக் கற்றுக்கொண்டேன். முதல் நாள் ஒரு பின்னல் காதுக்கு மேலே, இன்னொன்று காதுக்குக் கீழே. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள் என்று அழுதுகொண்டு வந்தாள். கடையில் இருந்த வயர்களை மூன்று மூன்றாகப் பிடித்துப் பின்னிப் பழகினேன். பிறகு எந்த அம்மாவும் என்னைப்போலப் பின்னியிருக்க மாட்டாள். அவளுக்குப் பெயர் இருக்கிறது, உங்கள் காகிதத்தில் எழுதியும் இருக்கிறீர்கள். எனக்கு அவள் பாப்பாதான்.

நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வருகிறவள் பாப்பாவை எப்படி நடத்துவாளோ என்ற பயம். பாப்பாவுக்கும் மாப்பிள்ளை பார்க்கவில்லை. அவளை எவனோ ஒருவன் எப்படி நடத்துவானோ என்ற அதே பயம். இதில் சுயநலம் எங்கே இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள்.

அவளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அவள் படம் போட்டுக் கொடுத்தாள். வெறும் கோட்டுப் படமில்லை. இன்னும் கட்டாத வீட்டுக்குள் நீங்களே நடந்துபோவதுபோல ஒரு வீடியோ. கதவு திறக்கும், ஜன்னல் வழியாக வெயில் தரையில் விழும். பிரமாதமாகச் செய்வாள், அண்ணன் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வேலைக்கு மெஷின் முழு பலத்தோடு மணிக்கணக்காக ஓட வேண்டும், நடுவில் நின்றால் போச்சு. மாடியை விட்டு இறங்காமலே எங்கெங்கோ இருக்கிறவர்களுக்கு வேலை செய்துகொண்டிருந்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் முறை நின்றது என் வேலையில்லை. பழைய சப்ளை, தானாக உயிரை விட்டது. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டிய படம். தடதடவென்று படியிறங்கி வந்தாள், முகம் வெளுத்திருந்தது.

"அண்ணா, மெஷின் செத்துப்போச்சுண்ணா."

"செத்ததை எழுப்புறதுக்குத்தான கடை வெச்சிருக்கேன். அழாம உக்காரு."

கையிலிருந்த வாடிக்கையாளர் வேலையைத் தள்ளி வைத்துவிட்டு அவளுடையதைப் பிரித்தேன். அவள் சின்ன வயதில் உட்கார்ந்த அதே ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்க்ரூவை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஓட ஆரம்பித்ததும் என் தோளில் தலையைச் சாய்த்து, "நீ மட்டும் இல்லன்னா நான் நடுத்தெருதாண்ணா" என்றாள். அவள் பெரியவளான பிறகு என் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து எத்தனையோ காலமாகியிருந்தது. வீட்டில் ஒரே கூரையின் கீழ்தான் இருந்தோம், ஆனால் அவள் காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும். அன்றைக்கு எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிருந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு அவள் மெஷின் அடிக்கடி நின்றது.

பதறாதீர்கள் சார், நான் அதை உடைத்துப் போடவில்லை. அவள் மெஷின் முழு வேகத்தில் எவ்வளவு இழுக்கும் என்று எனக்கு அத்துப்படி. அதற்கு ஒரு படி குறைவான சப்ளையாகப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். சும்மா இருக்கும்போது பூனைக்குட்டி மாதிரி ஓடும். படத்தை முடிக்கிற நேரம், சுமை ஏறும்போது, படக்கென்று அணைந்துவிடும். மறுபடி போட்டால் ஓடும். இரண்டாவது தடவை, மூன்றாவது தடவை, பிறகு கீழே இறங்கி வந்துவிடுவாள். நானும் சளைக்காமல் சரிசெய்து கொடுத்தேன். எத்தனை தடவை கூப்பிட்டாலும் முகம் சுளித்ததில்லை. அப்படி ஒரு அண்ணன் வேறு எங்கே கிடைப்பான் என்று எதிர்ப்பக்கத்து சலூன்காரரே சொல்லியிருக்கிறார்.

வேலை கொடுத்தவர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். "எனக்கு ராசியே இல்லண்ணா" என்பாள். "ராசியாவது ஒண்ணாவது, நான் இருக்கேன்ல" என்பேன். சாப்பாட்டுக்கு என்னோடு கீழே வந்து உட்கார்ந்தாள். கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களிடம் பேசினாள். அந்தக் கொஞ்ச காலம் எங்கள் வீடு வீடாக இருந்தது.

பிறகு வேறு நகரத்திலிருந்து ஒரு பெரிய கட்டட நிறுவனம் அவளைக் கூப்பிட்டது. அங்கே மேலாளராக இருந்த அம்மா அவள் போட்ட படங்களை எங்கேயோ பார்த்திருக்கிறார். வேலை தருகிறோம், தங்க இடமும் தருகிறோம், அதற்கு முன் ஓர் ஆஸ்பத்திரிக் கட்டடத்தை முழுசாக வீடியோ போட்டுக் காட்டு என்றார். பாப்பா இரண்டு தடவை முயன்றாள். இரண்டு தடவையும் மெஷின் நின்றுபோனது. அந்த அம்மா போனில் சிரித்துக்கொண்டேதான் கேட்டார். பாப்பா சத்தமாக வைத்திருந்ததால் படியில் நின்ற எனக்கும் கேட்டது.

"உங்க அண்ணன் கம்ப்யூட்டர் கடையே வெச்சிருக்காருன்னீங்க. ஊருக்கெல்லாம் நல்லா ஓடுற மெஷின் உங்களுக்கு மட்டும் எப்படிங்க இப்படிப் படுத்துக்குது?"

அன்று சாப்பிடும்போது பாப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"அண்ணா, பாதி லோடுலதான் சப்ளை நல்லா ஓடுமாமே. படிச்சேன். என் மெஷின் எவ்வளவு இழுக்குதுன்னு நீ எப்பவாச்சும் கணக்கு போட்டுப் பாத்தியா?"

"பாக்காமலா மாட்டுவேன்?"

"அப்ப இந்தத் தடவை நானே பாத்து வாங்கிக்கறேன். கோல்டு. பாக்கலாம், என் ராசியா உன் ராசியான்னு."

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் கடைக்காரன் தங்கச்சி வெளியே ஆர்டர் போட்டு வாங்கினால் எனக்கு எவ்வளவு அவமானம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

இருந்தாலும் நான் விட்டுக்கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் விட்டுக்கொடுத்திருப்பேன். ஒரு மத்தியானம் அவள் குளிக்கப் போயிருந்தாள். துணி எடுக்க அவள் அறைக்குள் போனேன். திரையில் எங்கள் வீடு நின்றுகொண்டிருந்தது. அதே ஷட்டர், அதே பெயர்ப்பலகை, உள்ளே என் மேசை, மேசைக்குப் பக்கத்தில் ஸ்டூல். தத்ரூபமாகப் போட்டிருந்தாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. மவுஸை நகர்த்திப் படத்தை மாடிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அவள் அறையில் கம்பி போட்ட அந்த ஜன்னலே இல்லை. ஜன்னல் இருந்த இடத்தில் ஒரு கதவு. கதவிலிருந்து தெருவுக்கு நேராக வெளியே ஒரு படிக்கட்டு இறங்கியது.

வெளியே ஒரு படிக்கட்டு சார். என் மேசையைத் தாண்டாமல் போவதற்கு.

யாரும் அவளைக் கட்டிப்போடவில்லை. கேட்டிருந்தால் எங்கே வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஆனால் அவள் கேட்கவில்லை, பேசவில்லை, உட்கார்ந்து படிப்படியாக அந்தப் படிக்கட்டை வரைந்திருக்கிறாள். கைப்பிடிகூடப் போட்டிருந்தாள். எத்தனை நாள் உழைத்திருப்பாள் என்று அதைப் பார்த்தாலே தெரிந்தது. நான் துணியை எடுத்துக்கொண்டு கீழே வந்துவிட்டேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

அவள் ஆர்டர் போட்ட பெட்டி கடை முகவரிக்குத்தான் வந்தது. வேறு வழி ஏது. நல்ல பெட்டி, நான் விற்கிற எதையும்விட நல்ல பெட்டி. அவள் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் ஒரு குறை சொல்ல முடியாது: கோல்டு, தேவையைவிடத் தாராளமான பலம், எல்லாப் பாதுகாப்பும் உள்ளது. உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்தது வீண்போகவில்லை.

அவள் தூங்குகிற ஒரு மத்தியானம் அதைப் பிரித்தேன். கம்பெனி ஸ்டிக்கர் ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும், பிரித்தால் கிழிந்துவிடும். சூடான காற்றை லேசாகக் காட்டினால் முழுசாகக் கையோடு வந்துவிடும். உள்ளே இருந்ததை எல்லாம் வெளியே எடுத்தேன். எதற்கும் உதவாது என்று பரணில் போட்டிருந்த மட்டமான பெட்டியின் உள்பாகத்தை அதற்குள் வைத்து, வயர்களை அந்தப் புதுப் பெட்டியின் இணைப்பு வாய்களுக்குப் பொருத்திப் பற்றவைத்தேன். கஷ்டமான வேலை. பிறகு கையில் தூக்கிப் பார்த்தேன். காற்றாக இருந்தது.

இதுதான் நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டிய இடம். அவள் தூக்கிப் பார்ப்பாள் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வாடிக்கையாளர்களிடம் சொல்வதைக் கேட்டு வளர்ந்தவள். அதனால் ஒரு இரும்புத் தகட்டை வெட்டி உள்ளே ஒட்டினேன். பழைய கனம் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தேன். வாழ்க்கையில் நான் அப்படிச் செய்த ஒரே பெட்டி அதுதான்.

இன்னொன்றும் செய்தேன். அந்த மட்டமான பெட்டியிலும் ஒரு ஃபியூஸ் இருந்தது. சுமை அளவுக்கு மீறினால் ஃபியூஸ் எரிந்து, பெட்டி சத்தமில்லாமல் செத்துவிடும். அவளுடைய படங்களெல்லாம் டிஸ்க்கில் பத்திரமாக இருக்கும். வேறு பெட்டி வாங்கி மாட்டினால் மறுபடி ஆரம்பித்துவிடுவாள். அந்தப் படிக்கட்டும் அப்படியே இருக்கும். ஆகவே ஃபியூஸை எடுத்துவிட்டு அந்த இடத்தில் லேசில் எரிந்து அறாத ஒரு செப்புக் கம்பியை வைத்தேன். பெட்டி போகும்போது தன்னோடு எல்லாவற்றையும் கொண்டுபோகட்டும் என்று நினைத்தேன். டிஸ்க் போக வேண்டும் என்பதுதான் என் எண்ணம். அதற்கு மேல் நான் நினைக்கவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்.

சாயங்காலம் பெட்டியைக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, ஏந்திப் பார்த்தாள், குழந்தையைத் தூக்குகிற மாதிரி.

"நல்லா கனக்குதுண்ணா. நல்ல சரக்குதான். நீ சொல்லிக் குடுத்தது."

"என்கிட்ட குடு, மாட்டித் தரேன்."

"இல்ல, நானே மாட்டிக்கறேன்" என்றாள். பிறகு மனசு கேட்காமல், "கோவமா?" என்றாள்.

"எனக்கென்ன கோவம்" என்றேன்.

அவளே மாட்டினாள். ஒரு வயர்கூடத் தப்பாகப் போகவில்லை.

அவள் அறையில் மேசைக்குப் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளும் தெர்மகோலும் அடுக்கியிருந்ததைப் பற்றிக் கேட்டீர்கள். கடையில் இடமில்லாததால் பல வருஷமாக அங்கேதான் அடுக்கி வந்தேன். "இதைக் கொஞ்சம் எடுண்ணா, மூச்சு முட்டுது" என்று பல தடவை சொல்லியிருக்கிறாள். எடுக்க வேண்டும் என்றுதான் இருந்தேன்.

சம்பவம் நடந்த அன்றைக்குக் காலையில் வெயில் நன்றாக அடித்தது. படிக்கட்டின் மேல் முனையில் வந்து நின்றுகொண்டு சொன்னாள்.

"அண்ணா, ஆஸ்பத்திரி வீடியோவ ஓட விட்டுட்டேன். சாயங்காலம் வரைக்கும் ஓடும். மெயின் சுவிட்ச்ல மட்டும் கைய வெச்சுடாத."

"வெக்க மாட்டேன்" என்றேன். வைக்கவும் இல்லை.

முகம் அப்படி ஒரு பிரகாசமாக இருந்தது. தலை குளித்து ஈரமாக விரித்துவிட்டிருந்தாள். "சாமான் வாங்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, தெருவைக் கடந்து எதிர்ப்பக்கத்து சலூனில் போய் உட்கார்ந்தேன். முடி வெட்டிக்கொள்ள வேண்டியதும் இருந்தது.

சலூன்காரர் கழுத்தைச் சுற்றி வெள்ளைத் துணியைக் கட்டினார். "என்னண்ணே, காலையிலயே கடைய மூடிட்டீங்க?" என்றார். "பாப்பா முக்கியமான வேலையில இருக்கு. ஆள் வந்தா தொந்தரவு" என்றேன். "உங்களை மாதிரி ஒரு அண்ணன்" என்று தொடங்கினார், அவர் வழக்கமாகச் சொல்வதுதான். எனக்கு எதிரில் இருந்த கண்ணாடியில் எங்கள் மாடி ஜன்னல் தெரிந்தது. துணிக்கு அடியில் போனைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். மெஷின் செத்ததும் கூப்பிடுவாள், "செத்துப்போச்சுண்ணா" என்பாள், நான் பாதி வெட்டிய தலையோடு எழுந்து ஓடுவேன். சலூன்காரர் சிரிப்பார். இதைத்தான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

போன் அடிக்கவில்லை. கண்ணாடியில் ஜன்னலுக்கு மேலே நூல் மாதிரி புகை எழும்பியது.

"அண்ணே, உங்க மாடியில புகை வருது."

"கம்ப்யூட்டர் சூடாயிருக்கும். ஏதாவதுன்னா கூப்பிடுவா."

"கூப்பிடுவாளா? என்னண்ணே பேசுறீங்க, எந்திரிங்க."

கத்திரியைக் கீழே போட்டுவிட்டு அவர் ஓடினார். நல்ல மனிதர். போய் ஷட்டரைப் படபடவென்று தட்டினார். புகை நூலாக இருந்தது கயிறாகிவிட்டது, பிறகு ஜன்னலை நிறைத்துவிட்டது. நான் நாற்காலியைத் திருப்பிக்கொண்டேன். கண்ணாடியில் பார்ப்பது சரியாக இல்லை.

அப்போது பாப்பா ஜன்னலுக்கு வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு இருமினாள். தெருவை இப்படியும் அப்படியும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு சலூன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னை நேராகப் பார்த்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு போனை எடுத்துக் காதில் வைத்தாள். இதோ கூப்பிடுகிறாள் என்று என் போனைப் பார்த்தேன். அது அடிக்கவில்லை. அவள் உதடு அசைந்தது, வேறு யாரிடமோ பேசினாள். தீயணைப்பு நிலையத்துக்கு என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும்.

சலூன்காரர் திரும்பி ஓடி வந்தார். கூட்டம் கூடிவிட்டது. "சாவி, சாவி எங்கண்ணே?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நான் கையை விரித்தேன். "தொலைஞ்சுபோச்சு" என்றேன்.

என்னை அப்படிப் பார்க்காதீர்கள் சார். சாவி என் பையில்தான் இருந்தது, இரண்டாவது சாவியும் தொலையவில்லை, என் மேசை இழுப்பறையில் இருந்ததை நீங்களே எடுத்திருக்கிறீர்கள். மறைக்கவில்லை. ஆனால் நான் காத்துக்கொண்டிருந்தேன், அதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். அவள் கூப்பிட்டால் போதும். ஜன்னலிலிருந்து "அண்ணா" என்று ஒரு சத்தம் கொடுத்திருந்தால் போதும். சாவி ரெடியாக இருந்தது, நான் ரெடியாக இருந்தேன். எட்டு வயதிலிருந்து எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டவளுக்கு அன்றைக்கு மட்டும் வாய் வரவில்லை. அவள் ஜன்னலை விட்டு உள்ளே போனாள். நெருப்பு இருக்கிற பக்கமாகப் போனாள்.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் தெரு ஆட்கள் கடப்பாரையைக் கொடுத்து ஷட்டரை நெம்பிவிட்டார்கள். அவள் தானாகவே படியிறங்கி வந்தாள். இரண்டு கையும் ஒரு துண்டில் சுற்றியிருந்தது. அந்தத் துண்டுக்குள் டிஸ்க் இருந்தது என்று பிறகு சொன்னீர்கள். எரிகிற மெஷினுக்குள் கையை விட்டுப் பிடுங்கியிருக்கிறாள். என் மேசையைத் தாண்டினாள், தெருவுக்கு வந்தாள், என்னையும் தாண்டிப் போனாள். வண்டியிலிருந்து இறங்கிய ஆளிடம் மெதுவாக, நிதானமாகச் சொன்னாள்.

"அவர் சட்டைப் பையில சாவி இருக்கும். எப்பவும் அங்கதான் இருக்கும்."

அவர் என்றாள் சார். எனக்கு நெஞ்சில் எது தைத்தது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன். கை எரிந்த வலியில் என்ன சொல்கிறோம் என்று தெரிந்திருக்காது.

அந்த டிஸ்க் ஓடுகிறது என்கிறீர்கள். ஓடும். அதை வாங்கிப் போட்டது நான். சப்ளையில்தான் கை வைத்தேனே தவிர, மட்டமான டிஸ்க்கை என்றைக்கும் அவளுக்குக் கொடுத்ததில்லை. அந்த மேலாளர் அம்மா வந்து ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார், கை சரியானதும் கூட்டிக்கொண்டு போகப்போகிறார் என்றும் சொல்கிறீர்கள். பெரிய இடத்து மனுஷி, ஒரு மரியாதைக்கு வந்திருப்பார். இரண்டு நாள் இருப்பார், பழம் வாங்கிக் கொடுப்பார், போய்விடுவார். எங்கள் பெரியப்பா போகவில்லையா.

பெட்டியை மாற்றியது நான். ஃபியூஸை எடுத்தது நான். ஷட்டரைப் பூட்டியது நான். சாவியைப் பையில் வைத்துக்கொண்டே இல்லை என்றது நான். எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், தட்டச்சு செய்கிற அம்மாவை அப்படியே அடிக்கச் சொல்லுங்கள், சேமித்தும் வைத்துக்கொள்ளட்டும். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டினால் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இரண்டு கையிலும் கட்டு, பிரிக்க மாதக்கணக்காகும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். அவளுக்கு இடுப்பு வரை முடி சார். சிக்கை அடியிலிருந்து எடுக்க வேண்டும், மேலேயிருந்து இழுத்தால் வலிக்கும். வகிடு நடுவில் பிடிக்காது, கொஞ்சம் இடது பக்கம் தள்ளி எடுக்க வேண்டும். நான் போகாவிட்டால் அவளுக்கு யார் தலை வாரிவிடுவார்கள்?